இரண்டு முழங்காலும் என் வேலி நொச்சியும்

இன்று காலை வேலியோரத்து நொச்சியில் நாலைந்து கொப்பு முறித்தேன். கை கழுவிய பிறகும் அந்தக் கார மணம் விரலை விட்டுப் போகவில்லை. நீர் இருந்த காலமெல்லாம் உமக்காகத்தான் முறித்தேன், சிநேகிதி. இப்போது எனக்கே முழங்கால் வீங்கிவிட்டது. நீர் இருந்திருந்தால், "வாரும், எங்கட சங்கத்திலை சேரும்" என்று சிரித்திருப்பீர். இலையை வதக்கி, துணியில் பொதிந்து நானே கட்டிக்கொண்டு, காலை நீட்டியபடி உமக்கு இதை எழுதத் தொடங்கினேன்.

அந்த வருடம் கிளினிக்கில் உமக்கு நோவுக்குப் போடும் குளிசையை நிறுத்தினார்களே, நினைவிருக்கிறதா? சீனி வருத்தத்தில் உம்முடைய கிட்னி ஏற்கெனவே களைத்துப் போயிருந்தது. அந்தக் குளிசை அதை இன்னும் கெடுக்கும் என்றார்கள். நீர் அதற்கு மூக்கைச் சிந்தவில்லை. எழுவைதீவுத் தேவாலயத் திருநாளுக்கு எப்படிப் போவது என்பதுதான் உம்முடைய கவலை. நீர் முதன்முதல் விஞ்ஞானம் படிப்பித்த பள்ளிக்கூடம் அங்கேதான். உம்மிடம் படித்தவர்கள் பேரப்பிள்ளைகளும் கண்டுவிட்டார்கள். ஆனாலும் வருடத்துக்கு ஒரு தடவை அவர்களைப் பார்த்து, "இப்பவும் எழுத்துப் பிழை விடுறியோ?" என்று கேட்காவிட்டால் உமக்குப் பொழுது போகாது. வள்ளத்தில் ஏற முழங்கால் மடங்க வேண்டும். உம்முடையது மடங்க மறுத்தது.

நொச்சி கட்டுவோம் என்று நான்தான் சொன்னேன். நீர் ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, போனில் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தேடி வாசித்தீர். பிறகு ஒருநாள் என் வீட்டுக் குசினிக் கதிரையில் வந்து அமர்ந்து தீர்ப்புச் சொன்னீர்.

"வீக்கம் வத்தினது உண்மைதான். எலியின்ர காலிலை."

"எலிக்கு வத்தினா மனுசருக்கு வத்தாதோ?"

"வத்தலாம், வத்தாமலும் விடலாம். மனுசரிலை பாத்தது கொஞ்சம், அதுவும் சின்னச் சின்ன ஆய்வுகள். என்னைப்போலை கிட்னி பழுதான ஆக்களையும் சேர்த்துப் பாத்தவையோ எண்டு தேடினன். என்ர கண்ணிலை ஒண்டும் படேல்லை."

எனக்குக் கோபம் வந்தது. "கண்டறியாத ஆராய்ச்சி! என்ர வேலி நொச்சிக்கு ஆர் சேட்டிபிக்கற் குடுக்கவேணும்?" என்றேன். "நான்தான்" என்றீர்.

அப்படித்தான் அந்தக் கூத்துத் தொடங்கியது. ஒரு முழங்காலுக்கு நொச்சி, மற்றதற்குப் பூவரசம் இலை. இரண்டையும் ஒரே சூட்டில் வதக்கி ஒரேவிதத் துணியில் கட்ட வேண்டும். எந்தக் காலுக்கு எது என்பதை நான் காசைச் சுண்டி முடிவெடுக்க வேண்டும், திருநாள் வரைக்கும் வாய் திறக்கக்கூடாது. நொச்சியின் மணம் காட்டிக்கொடுத்துவிடும் என்று மூக்கின் கீழே தைலத்தை அள்ளி அப்பிக்கொண்டீர். "உம்மட முகம் எல்லாத்தையும் சொல்லிப்போடும், என்ர கண்ணையும் கட்டும்" என்றீர். கட்டினேன். சங்கக்கடையில் அத்தனை வருடம் அரிசி நிறுத்துக் கொடுத்த எனக்கு இப்படியொரு உத்தியோகம் கிடைக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

அந்த நேரம் பார்த்து மண்டைதீவிலிருந்து உம்முடைய தங்கச்சி வந்துவிட்டா. கண்ணில் துவாய், மூக்கில் தைலம், இரண்டு காலையும் கட்டோடு நீட்டியபடி நீர். வாசலிலேயே நின்று சிலுவை போட்டுக்கொண்டா.

"மாதாவே! அக்காவுக்கு என்ன நடந்தது?"

"பரிசோதனை நடக்குது. சத்தம் போடாமல் இரு" என்றீர், துவாயை அவிழ்க்காமலே.

அவவின் கையில் ஒரு போத்தல் இருந்தது. நொச்சியும் இன்னும் ஏதேதோவும் போட்டு அவவே காய்ச்சிய கசாயம். "இலைதானே அக்கா, இயற்கை. ஒண்டும் செய்யாது. காலமையும் பின்னேரமும் குடியுங்கோ."

"அலரி நஞ்சும் இயற்கைதான். காய்ச்சிக் குடிப்பமோ?"

தங்கச்சியின் கண் நிரம்பிவிட்டது. காய்ச்சுவதற்கு ஒரு பகல் முழுக்க அடுப்படியில் நின்றிருக்கிறா, பாவம். எனக்கு உம்மில் ஆத்திரம் வந்தது. அப்போதுதான் நீர் துவாயை அவிழ்த்தீர். அவவின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் இருத்தினீர். "நீ கொண்டுவந்த அன்பை எடுத்திட்டன். கசாயத்தைத்தான் எடுக்கேல்லை. உள்ளுக்குப் போறதை என்ர கிட்னிதான் வடிக்கவேணும், அதுக்கு ஏலாது. வெளியிலை கட்டுறது தோலைக் கடிச்சா அவிழ்த்து எறியலாம்." கிளினிக்கில் அடுத்தமுறை இலை கட்டுவதையும் மறைக்காமல் சொன்னீர் என்பது எனக்குத் தெரியும்.

திருநாளுக்கு முதல் நாள் முடிவைக் கேட்டீர். "ரெண்டு காலும் சுகமாக் கிடக்குது. இப்ப சொல்லும், எது நொச்சி?" வலது கால் என்றேன். என் நொச்சி தோற்றுவிட்டது என்று எனக்கு முகம் கறுத்துப் போனது. நீர் கதிரை ஆடுமளவுக்குச் சிரித்தீர்.

"தோற்கவுமில்லை, வெல்லவுமில்லை. ஒரு ஆளை வைச்சு ஒண்டும் நிரூபிக்கேலாது. சூடாயிருக்கலாம். இலையாயிருக்கலாம். உம்மட கையாயும் இருக்கலாம். தெரியாது எண்டு சொல்லப் பழகும்."

அடுத்த நாள் துறையில் வள்ளம் ஆடிக்கொண்டு நின்றது. என் தோளை ஒரு கையாலும் தங்கச்சியின் தோளை மறு கையாலும் பிடித்தபடி முழங்காலை மடக்கி ஏறினீர். ஏறியதும் நீர் திரும்பி எங்களைப் பார்த்த பார்வை இப்போதும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. அதற்குப் பிறகும் சில திருநாள் கண்டீர். கடைசிவரை அந்தக் கிட்னி நின்று பிடித்தது. நெஞ்சுதான் ஒரு விடியற்காலை சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டது.

இப்போது ஊரில் எல்லோருடைய போனிலும் நொச்சிதான். "விஞ்ஞானமே சொல்லிப்போட்டுதாம் அக்கா" என்று இலை முறிக்க என் வேலிக்கு வருகிறார்கள். முறிக்க விடுகிறேன். முறித்து முடியும்வரை உம்முடைய குரலிலேயே கேட்கிறேன்: "எலியிலையோ, மனுசரிலையோ? கட்டவோ, குடிக்கவோ? வேறை என்ன குளிசை எடுக்கிறீர்?" சிலர் முகத்தைச் சுளிக்கிறார்கள். ஒருத்தி மட்டும் குடிப்பதை விட்டுவிட்டு கிளினிக்கில் கேட்டுவிட்டு வந்தாள்.

இவ்வளவும் நேற்று எழுதியது. நேற்று நானே கட்டிய கட்டு ஒரு சுகமும் தரவில்லை. விறைத்த காலோடுதான் படுத்தேன். இன்று பின்னேர பஸ்ஸில் உம்முடைய தங்கச்சி வந்தா. என் காலைப் பார்த்ததும் நேரே குசினிக்குள் போய் இலையை வதக்கி எடுத்துவந்து, என் காலைத் தன் மடியில் வைத்துக் கட்டினா. கட்டும்போது உம்முடைய கதைதான் கதைத்தோம். அலரிக் கதையைச் சொல்லி இப்போது அவவே சிரிக்கிறா. அவ போய்க் கனநேரமாகிவிட்டது, நோவு இன்னும் திரும்பி வரவில்லை.

ஒரு ஆளை வைத்து ஒன்றும் நிரூபிக்க ஏலாது என்பீர். ஓம், தெரியும். இருந்தாலும் நீர் இல்லாத வீட்டில் இதை யாரிடம் சொல்ல? நேற்றும் இன்றும் இலை அதே வேலியில் முறித்ததுதான். சூடும் அதே அடுப்புச் சூடுதான். கைதான் வேறு.