எனக்கென்று தைத்த போர்வை

1944 நவம்பர் 12, ஞாயிறு
கோயில் விட்டு வந்ததும் மகள் ஏசம்மாளிடம் கேட்டேன்: "பிள்ளைக்குத் துணிமணி ஏதும் தைக்க வேண்டாமா தாயி?" உலைப்பானையைப் பார்த்தபடியே சொன்னாள்: "வரட்டும்ப்பா. பொறவு பாத்துக்கிடலாம்." ஏழு மாதம். முதல் இரண்டு தடவையும் சட்டை, தொப்பி எல்லாம் தைத்து அடுக்கி வைத்திருந்தாள். இரண்டு பிள்ளையும் தங்கவில்லை. மருமகன் பட்டாளத்தில். அவள் அம்மா உயிரோடு இருந்தால் பேசத் தெரிந்திருக்கும். எனக்கு ஆலையில் பஞ்சு மூட்டையை எடை போடத்தான் தெரியும்.

நவம்பர் 14
பக்கத்து வீட்டு அங்காளம்மாள் வழி சொன்னாள். பிள்ளை தங்காத வீட்டில் புதுத்துணி ஆகாதாம். பிள்ளைகள் நல்லா இருக்கிற வீடுகளில் பிச்சை கேட்டு வாங்கின பழந்துணியில்தான் கிடத்த வேண்டுமாம். "துண்டை ஏந்திக் கேக்கணும் அண்ணாச்சி. கூச்சப்பட்டா பலிக்காது."
கர்த்தரைக் கும்பிடுகிற வேதக்காரன் நான் இதைச் செய்யலாமா?

நவம்பர் 19
செய்துவிட்டேன். யுத்தத்தால் துணிக்குக் கன்ட்ரோல் வந்ததிலிருந்து கந்தலுக்கும் மவுசு. இருந்தாலும் தெருக்கோடி ராஜு வீட்டம்மா உள்ளே தெலுங்கில் ஏதோ சொல்ல, மாம்பழ நிறப் பாவாடைத் துண்டு ஒன்று வந்தது. ஆலையில் கூட வேலை பார்க்கிற வீரணன் வீட்டில் சிவப்புச் சுங்குடிச் சேலைக் கிழிசல். எங்கள் கோயில் உபதேசியார் ஜேசுதாசன் கண்ணில் படாமல் நழுவப் பார்த்தேன், பிடித்துக்கொண்டார். "தேவஇரக்கம், இதெல்லாம் அஞ்ஞானம்லாவே!" நடுத்தெருவில் ஒரு பிரசங்கம். முடித்துவிட்டு வீட்டுக்குள் போய், கடைசி மகளின் பச்சைப் பூப்போட்ட கவுனைக் கொண்டுவந்து கொடுத்தார். "ஆறு பிள்ளையும் திடமா இருக்குவே" என்றார், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

நவம்பர் 21
ஏசம்மாள் துணிக் குவியலைப் பார்த்துவிட்டாள். முகம் வெளுத்துப் போச்சு. "யாருக்குப்பா இது?"
எனக்குத்தான் என்று வாயில் வந்துவிட்டது. மார்கழி வாடைக்கு ஒட்டுத்துணிப் போர்வை, வயசாகுதுல்ல என்றேன். நம்பினாளா? தெரியவில்லை.

நவம்பர் 29
தைக்கிறேன். விரலில் இனி குத்த இடமில்லை.

டிசம்பர் 5
விரித்துக் காட்டினேன். மஞ்சள், சிவப்பு, பச்சை, ஊதா — திருவிழாப் பந்தல் மாதிரி. ஏசம்மாள் புரட்டிப் பார்த்தாள். "என்னப்பா, பஞ்சு மூட்டைக்கு வாய் கட்டுன மாதிரி இருக்கு?"
உண்மைதான். பஞ்சு அரவை ஆலையில் கோணி ஊசியால் போடுகிற தையலையே போட்டிருக்கிறேன். கைக்கு அதுதானே தெரியும்! முடிச்செல்லாம் மொச்சைக்கொட்டை போல மேலே நிற்கிறது. "இதுல படுத்து எந்திரிச்சா முதுகுல கோலம் போட்டிருக்கும்" என்று சிரித்தாள்.
அவள் சிரித்து எம்புட்டு நாளாச்சு!

டிசம்பர் 9
ஆலை விட்டு வந்தால், முடிச்சையெல்லாம் பிரித்துப் போட்டு, பொடித் தையலாகத் தைத்துக்கொண்டிருக்கிறாள்.
"கிழவனுக்கு எதுக்குட்டி இம்புட்டு மெல்லிசா?"
"உங்க தோலு ரொம்ப மெல்லிசுல்லா" என்றாள், நிமிராமல்.
வெளியே போய் இல்லாத கோழியை விரட்டினேன்.

டிசம்பர் 23
நான்தான் போர்த்திக்கொள்கிறேன். நாலு நாளைக்கு ஒருதரம் துவைத்துப் போடுகிறாள். "நல்லா பழசாகட்டும்" என்று வாய் தவறிச் சொன்னாள்.

1945 ஜனவரி 18
வலி கண்டுவிட்டது. சோலைச்சாமியின் வில்வண்டியில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு. போர்வையை எடுக்கவா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. வண்டியில் ஏறினவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "அப்பா, உங்க போர்வையை எடுத்துக்கிடுங்க. ஆஸ்பத்திரி வராந்தால குளிருமில்லா."
கர்த்தாவே — இந்தத் தடவை —

ஜனவரி 29
வீட்டுக்கு வந்தாச்சு. மலைக்காத்து உள்ளே வந்து அடிக்கிறது, எனக்குப் பல் தந்தியடிக்கிறது. என் போர்வையைக் கொடு என்று கேட்டேன்.
"சும்மா இருங்கப்பா, இழுக்காதீக. இப்பத்தான் கண்ணசந்தான்."
வேட்டியைப் போர்த்திக்கொண்டு எழுதுகிறேன்.