கால்மிதியில் இரண்டு பள்ளம்

மார்ச் 4, செவ்வாய்

புழுக்கம். காலையிலேயே கரண்ட் இல்லை.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். கதிரைக்கு மெத்தை அடிக்கிறவன் நான், புஷ்பம் ரீச்சருக்குச் செய்த சில்லு வைத்த உருட்டுக் கதிரையில் நானே இருந்து பார்த்து இடுப்பு இறுகி மாட்டுப்பட்டேன். பெண்சாதி சரோ கதிரையைப் பிடிக்க, நெளிந்து நெளிந்து வெளியே. "முதல்ல சோத்தைக் குறையுங்கோ."

ஒடுக்கமாகத்தான் வேண்டும். பிளேனில் சீற்றுகளுக்கு நடுவே வழி அவ்வளவுதான். ஷெல் விழுந்து ரீச்சருக்கு இரண்டு காலும் இல்லை. போன முறை இரத்மலானை எயார்போட்டில் இரண்டு பேர் கக்கத்தில் பிடித்துத் தூக்க, சனம் பார்க்கச் சேலை நழுவியதாம். ஏறாமல் திரும்பிவிட்டா. "இனி ஒருத்தரும் என்னைத் தொடக் கூடாது." மகளின் கலியாணம் ஞாயிறு, யாழ்ப்பாணத்தில். வெள்ளி பிளேன்.

மார்ச் 5, புதன்

அளவுநாடாவோடு பிளேன் பக்கம் போனால் ஆமி என்னைப் பிடித்து உள்ளே போடும். பிளேன் கூட்டித் துடைக்கிற நிசாம்தான் தன் சோற்றுப் பீங்கானைக் குறுக்கே பிடித்து நடந்து பார்த்தவன். "அண்ணே, பீங்கான் போகுது. ரெண்டு பக்கமும் ரெண்டு விரல் எடம் ஈக்கிது." அந்தப் பீங்கான் அளவுக்குத்தான் சட்டம் அடித்தேன்.

பு.ரீ. வீட்டுக்குக் கொண்டுபோனேன். (முழுப் பேர் எழுதக் கை நோகிறது.) தானே கையூன்றி ஏறினா. பொருத்தம்.

"கால் தொங்குது. மிதிக்க ஒண்டு வையுங்கோ."

"செருப்பும் வாங்கவோ, ரீச்சர்?"

"வாங்குங்கோ. இடது பெருவிரல் குளிருது. பகிடி இல்லை."

சிரித்தேன். வீடு வந்து சேரும்வரை சிரித்தேன். கால்மிதி பூட்டினேன். பஞ்சு, மேலே ரெக்சின்.

மார்ச் 6, வியாழன்

சில்லுக்கு எண்ணெய். பெல்ட் வார். திருநீறு.

காலையில் பார்த்தால் கால்மிதியில் இரண்டு பள்ளம். குதிக்கால் அளவு. தட்டிச் சமப்படுத்தினேன். தேத்தண்ணீர் குடித்துவிட்டு வர, திரும்பவும்.

சரோ: "நீங்கள்தான் ஏறி நிண்டிருப்பியள்."

என் கால் துடுப்பு. இது ஒடுக்கம். கை வைத்துப் பார்த்தேன். வலது பக்கம் இளஞ்சூடு. இடது குளிர்.

மார்ச் 7, வெள்ளி

மழை. ஆமி என்னை வாசலோடு மறித்துவிட்டது. மிச்சம் நிசாம் சொன்னது.

கதிரையோடு தூக்கி ஏற்றி, உள்ளே உருட்டினார்களாம். ஒருவரும் தொடவில்லை. ஜன்னல் சீற்றுக்குப் பு.ரீ. தானே மாறினாவாம்.

மூன்றாம் வரிசையில் மட்டும் கால்மிதி சீற்றில் இடித்துவிட்டது. "ஐயோ, என்ர பெருவிரல்" என்றாவாம். நிசாம் மன்னிப்புக் கேட்டானாம். பெரிய அடி இல்லை.