மாராயி எடுத்த பூ

அன்பிலும் அதட்டலிலும் எனக்குக் குறை வைக்காத பெரியண்ணாவுக்கு,

நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. உலகச் சண்டை இன்னும் ஓயவில்லை. சிமெண்டுக்கு நம் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் எவ்வளவு அனுப்பினாலும் போதவில்லையாம். சங்ககிரி ஸ்டேஷனில் வேகன்கள் காத்து நிற்கின்றன. நம் காட்டை ஒட்டிய கல்குழியில் இப்போது நாளுக்கு மூன்று வேட்டு. வேட்டுக்கு முன்னால் அடிக்கிற தமுக்குச் சத்தம் கேட்டதும் ஜனங்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடுகிறார்கள்.

குழியோரத்தில் ஜனங்கள் ஏது என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கல் உடைக்கிறவர்கள் வீடு கட்ட இடம் கேட்டார்களே, நினைவிருக்கிறதா? கைக்குழந்தையோடு மூன்று மைல் நடந்து வருகிறார்களே என்று முதலில் இரங்கியவர் நீங்கள்தான். "கெணத்தடித் தோட்டத்துல குடுத்தரலாம்டா. குழிக்கும் ஊட்டுக்கும் நடுவுல ஒரு கூப்பிடு தூரமாச்சும் இருக்கோணும்" என்றீர்கள். அதற்குள் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

எனக்கோ மஞ்சள் விளைகிற மண்ணைக் கொடுக்க மனசு வரவில்லை. குழியோரத்து மேட்டாங்காட்டைக் காட்டினேன். கள்ளி முளைப்பதைத் தவிர எதற்கும் உதவாத நிலம். அவர்கள் தயங்கினார்கள். "ஆத்தாகிட்டப் பூக் கேட்டுப் பாத்தரலாமுங்க" என்றார்கள். வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் அம்மன் சம்மதம்.

பொட்டலம் கட்டியது நான். அண்ணா, இரண்டிலும் வெள்ளையே வைத்தேன்.

கல் உடைக்கிற மாராயிதான் ஒன்றை எடுத்தாள். பிரித்துப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மற்றதை யாரும் பார்க்குமுன் நான் மடியில் செருகிவிட்டேன். அந்த வருஷமே பதினாலு வீடு எழும்பிற்று.

போன வாரம் வேட்டுச் சத்தம் ஓய்ந்ததும் மாராயி வீட்டுக்குள் போயிருக்கிறாள். ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த பின்சுவர் சரிந்து அவள் மேல் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. தை பிறந்தால் இன்னும் கிட்டே வெட்டப்போகிறார்களாம். ஜனங்கள் கிளம்பாவிட்டால் வேலையை நிறுத்துவதாகக் குழி மேனேஜர் சொல்கிறார். இருந்தால் உயிருக்குப் பயம், வேலை நின்றால் வயிற்றுக்குப் பயம்.

ஓடிப்போய், "கெணத்தடித் தோட்டத்துக்கே வந்துருங்க" என்றேன். மாராயி கட்டிலில் படுத்தபடியே கும்பிட்டாள்.

"என்ற கையில வந்த பூவுங்க சாமி. ஆத்தா குடுத்த எடத்த உட்டுப் போனா அவ பொறுப்பாளுங்களா? காலு போனது நான் செஞ்ச ஏதோ பாவமுங்க."

அவள் வந்தால்தான் வருவோம் என்று மற்றவர்களும் நிற்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் நான், பாவம் அவளுடையதாம்! கேட்டுவிட்டு வாய் திறக்காமல் வந்தேன். வெட்கமாக இருக்கிறது அண்ணா.

உண்மையைச் சொன்னால் ஊர் காறித் துப்பும். நீங்கள் தோளில் தூக்கித் திரிந்த என் மகள் வள்ளிக்கு வைகாசியில் கல்யாணம் பேசியிருக்கிறோம். சாமி வாக்கிலேயே கை வைத்தவன் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? மறுபடியும் பூக் கேட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது. இந்தத் தடவை இரண்டிலும் சிவப்பு. யாருக்குத் தெரியப்போகிறது? பாருங்கள், புத்தி எங்கே போகிறது என்று.

வேண்டாம். வெள்ளிக்கிழமை பூசைக்கு மாராயியைக் கட்டிலோடு தூக்கி வருகிறார்கள். அங்கேயே எல்லார் முன்னாலும் சொல்வேன். தோட்டத்தையும் அன்றைக்கே அளந்து கொடுப்பேன். கல்யாணம் நின்றால் நிற்கட்டும். பூவை எடுத்த கை சுத்தமானது, கட்டிய கைதான் பாவம் செய்தது என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் வீடு திரும்பமாட்டேன். இது உங்கள் மேல் ஆணை.

உங்கள் கையால் அடி வாங்க மிச்சமிருக்கும் தம்பி,
பழனியப்பன்