செம்பருத்தியின் நிழல்

ஐப்பசி 14, வெள்ளி

அடைமழையில் தாள் காயவில்லை என்று, செவ்வாயன்று என் செம்பருத்தி ஓவியத்தை நீர்வண்ண வகுப்பிலேயே விட்டுவந்தேன். நிழலுக்குக் கறுப்பு போட்டிருந்தேன். பூ கரி பிடித்தாற்போல் இருந்தது. இன்று போனால் கறுப்பைக் காணோம். யாரோ ஈரத் தூரிகையால் ஒற்றி எடுத்துவிட்டு, சிவப்பில் துளிப் பச்சை கலந்து அரக்கு நிறத்தில் நிழல் போட்டிருக்கிறார்கள். பூ தணலாய் ஜொலிக்கிறது.

பக்கத்து மேசை ஸ்டெல்லாவிடம் கேட்டேன். "ஐயோ, நான் தொடவே இல்லைங்க" என்றாள். அவள் தூரிகை துடைக்கும் துணியில் அதே அரக்கு நிறம்.

வகுப்பு மிஸ் என் ஓவியத்தைத் தஞ்சாவூர்க் கண்காட்சிக்கு எடுத்துக்கொண்டார். "கறுப்பே இல்லாம எப்படிங்க நிழல் போட்டீங்க?" என்றார். ஸ்டெல்லா என்னையே பார்த்தாள். எதற்காகச் செய்தாள்? என்றைக்குச் சொல்லிக்காட்டுவாள்?

"தானா வந்துச்சு மிஸ்" என்றேன்.

கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன், கறுப்பில்.