திரையில் பூத்-1

செப்டம்பர் 14, 2025, ஞாயிறு

இத்தனை வருஷம் விமானங்களைத் தரையிறக்கிய அப்பாவை இப்போது அலுவலகமே தரையிறக்கிவிட்டது. விமான நிலைய டவர் வேலை போய், செக்டர் ஐந்தில் நாற்காலி வேலை. எங்கெங்கோ புது விமான நிலையங்கள் வருகின்றனவாம், ட்ரோன்கள் வருகின்றனவாம். வானத்தில் இருப்பதெல்லாம் ஒரே வரைபடத்தில் தெரிகிற மாதிரி ஒரு திரை செய்து சோதிக்கிறார்கள். ட்ரோன் ஒவ்வொன்றும் தன் பெயரையும் இருக்கும் இடத்தையும் சொல்லிக்கொண்டே பறக்க வேண்டும். அதற்குத் தீப்பெட்டியளவில் ஒரு டப்பா.

அலுவலகத்தில் நவராத்திரி பூஜைக்கு முன் பெயிண்ட் அடிக்கிறார்கள், வைத்துப் பூட்ட இடமில்லை. யாரிடமும் சொல்லாமல் நான்கு டப்பாக்களைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அப்பா டப்பா. எதுகை தானாக அமைந்தது, நான் பொறுப்பில்லை.

செப்டம்பர் 17

விஸ்வகர்மா பூஜை. சால்ட் லேக் மொட்டை மாடி முழுக்கப் பட்டம். கீழ்வீட்டு புபாய் இரண்டு நாளாக மாஞ்சா போட்டு விரலெல்லாம் பிளாஸ்திரி.

ஒரு டப்பாவை எடுத்து, போனில் அதன் பெயரை மாற்றினேன்: பூத்-1. வங்காளத்தில் பூத் என்றால் பேய். அப்பாவோடு வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் வங்காளிகள். திரையைப் பார்த்து ஒருத்தராவது நாற்காலியிலிருந்து எழ வேண்டாமா? புபாயின் பெரிய பட்டத்தில் கட்டினோம். அப்பாவின் லாப்டாப்பில், எங்கள் பிளாக்கின் தலைமேல் ஒரு பச்சைப் புள்ளி முளைத்தது. பூத்-1. நானும் புபாயும் தரையில் உருண்டு சிரித்தோம்.

அடுத்த தெருவிலிருந்து ஒரு கறுப்புப் பட்டம் வந்து அறுத்துவிட்டது. மாடிக்கு மாடி "போ-கட்டா" என்று கத்தல், பட்டம் அறுந்ததற்கு. எங்கள் பட்டம் நூலை இழுத்துக்கொண்டு சென்ட்ரல் பார்க் பக்கம் போயே போய்விட்டது.

முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

செப்டம்பர் 18

அப்பா பையைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்தார். மூன்றுதான். "ஆட்டோல விழுந்திருக்குமோ வசு?" என்று அம்மாவிடம் கேட்டார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். தோசையைப் போட்டு மூடினேன்.

செப்டம்பர் 19

டப்பாவில் பேட்டரி ஒரு நாள்தான் வரும் என்று அப்பா ஒருமுறை சொல்லியிருக்கிறார். செத்திருக்கும். நல்லது.

செப்டம்பர் 21, மஹாளயம்

சாகவில்லை.

அப்பா சாதத்தைப் பிசைந்துகொண்டே, "எவனோ பூத்னு பேர் வெச்சுண்டு ட்ரோன் விடறான்" என்றார். நேற்று கிழக்கே மீன் ஏரிகளின் மேல் தெரிந்ததாம். சாயங்காலம் சென்ட்ரல் பார்க்கில் வந்து நின்றதாம். பிறகு நகரவே இல்லையாம்.

யாராவது டப்பாவைக் கண்டெடுத்திருப்பார்கள். தங்கள் ட்ரோனில் கட்டியிருப்பார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும். வேறெப்படி இருக்கும்?

செப்டம்பர் 23

விடிய விடிய மழை. ஊரே தண்ணீரில். வாசலில் முழங்கால் வரை நிற்கிறது, பள்ளிக்கூடம் இல்லை. அம்மா கொலுப்படிக்கு முன்னால் வாளி வைத்திருக்கிறாள்.

லாப்டாப்பைத் திறந்தேன். பூத்-1 இருக்கிறது. நாலு மாடி உயரத்தில், அதே இடத்தில். இந்த மழையில் எந்த ட்ரோன் நிற்கும்? மத்தியானம் பார்த்தேன். அப்புறமும் பார்த்தேன். அசையவில்லை. மழை விடட்டும் என்று உட்கார்ந்திருக்கிற மாதிரி.

செப்டம்பர் 24

மழை விட்டது. அது எழுந்தது.

நேராக எழவில்லை. வட்டம் வட்டமாக, மேலே, இன்னும் மேலே. புபாய் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தான். "எதையோ தேடுது மீரா," என்றான் மெதுவாக. வழக்கமாக அவன் கத்துவான், நான்தான் அதட்டுவேன்.

செப்டம்பர் 25

இன்று எங்கள் பிளாக்குக்கே வந்தது.

லாப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினோம். வெயில் சாய்கிற நேரம். புள்ளி சரியாக எங்கள் தலைமேல். அண்ணாந்து பார்த்தால் கழுவிவிட்ட நீல வானம், பஞ்சு மேகம், ரொம்ப உயரத்தில் வழக்கமான பருந்துகள். ட்ரோன் இல்லை. ட்ரோனின் ரீங்காரம்கூட இல்லை. திரையில் மட்டும் பூத்-1 எங்களைச் சுற்றிச் சுற்றி வருகிறது.

நான் வைத்த பெயர்தானே. நான் கூப்பிட்டேன் என்று வந்துவிட்டதா?

பிறகு அது விமானங்கள் இறங்கும் பாதைக்குப் போனது. அப்பா டவருக்கு போன் போட்டிருக்கிறார். இரண்டு விமானங்களை இறங்கவிடாமல் மறுபடி மேலே ஏற்றினார்களாம். பைனாகுலர் வைத்துத் தேடியவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அலுவலகத்தில் அப்பாவுக்குப் புதுப் பெயர், பூத் பாபு. அதை அவரே சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

செப்டம்பர் 27

திரையைச் செய்த கம்பெனி என்ஜினியர் ரோஹித் கொலு பார்க்க வந்தான். சுண்டலை மென்றுகொண்டே, "அங்கிள், அது பொய்ப் புள்ளி. மெதுவா வட்டமடிக்கிறது எதுவும் திரையில வராதபடி பண்ணிடறேன். பூஜை முடிஞ்சதும் நீங்க ஒரு கையெழுத்து போட்டா சோலி முடிஞ்சுது" என்றான்.

"நிஜ ட்ரோனே மெதுவா வட்டமடிச்சா?"

"யார் அங்கிள் அப்படி விடப்போறா? உங்க பூத்தைத் தவிர."

அப்பா அவனுக்கு இன்னும் கொஞ்சம் சுண்டல் வைத்தார்.

அவன் போனதும் சொல்லிவிட்டேன். பட்டம், மாஞ்சா, பெயர், எல்லாம். அடி விழும் என்று நினைத்தேன். அப்பா என்னையே பார்த்தார். "முதுகுல கறுப்பா தகடு இருந்துதோன்னோ, அது சோலார்டி. பகல் வெளிச்சம் இருக்கற வரைக்கும் சாகாது." பிறகு, "பட்டத்தோட எவ்வளவு நூல் போச்சு?" என்று கேட்டார். நிறைய என்றேன். "மாஞ்சா நூல்" என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

செப்டம்பர் 28, சஷ்டி

காலையில் அப்பா, நான், புபாய் மூவரும் சென்ட்ரல் பார்க் போனோம். எங்கோ பூஜைப் பந்தலில் டாக் மேளம் அடிக்கும் சத்தம். திரையில் புள்ளி நின்ற இடத்தில் ஓர் இலவ மரம். நாங்கள் அடியில் நின்றோம். மேலே ஏதோ நம்மைப் பார்க்கிறது என்று முதுகுக்குத் தெரிந்துவிட்டது.

பருந்து.

கிளையோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. காலில் நூல் சுற்றிச் சுற்றி, எலும்பு வரை இறங்கியிருந்தது. பட்டத்தின் காகிதம் மழையில் கரைந்து போய் மூங்கில் குச்சி மட்டும் மிச்சம். அதன் கீழே டப்பா ஆடிக்கொண்டிருந்தது. இதைச் சுமந்துகொண்டா இத்தனை நாள் பறந்தாய்?

புபாய் ஏறினான். அப்பா கொடுத்துவிட்ட கத்தரிக்கோலால் நூலை வெட்டினான். அது கொத்தவில்லை, பறக்கவும் இல்லை. மஞ்சள் கண்ணால் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

"காகு, ஸ்விட்சை அணைச்சிடுங்க. எல்லாம் முடிஞ்சுது, யாருக்குத் தெரியும்?" என்றான் புபாய். அப்பா அவனுக்குக் காகு, அதாவது சித்தப்பா. நானும் மனசுக்குள் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்பா அணைக்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் லாப்டாப்பைத் திறந்தபடியே பின்னால் நடந்தேன். பூத்-1 மரத்திலிருந்து இறங்கி, கேட்டைத் தாண்டி, பந்தல் கூட்டத்துக்குள் நுழைந்து, எங்கள் வீடு வரை வந்தது. அப்பாவின் நெஞ்சு மேல் உட்கார்ந்துகொண்டு.

அக்டோபர் 2, தசமி

"ஒண்ணும் சொல்லாம கையெழுத்து போட்டுட்டா என்ன?" என்று அம்மா கேட்டாள். "டப்பாவைக் கேக்காம ஆத்துக்குக் கொண்டுவந்ததுன்னு தெரிஞ்சா உங்க சர்வீஸ் என்னாகும்? இவளை வேற கேப்பா."

"கையெழுத்து போட்டா அந்தத் திரைக்குக் கண் போயிடும் வசு. அது பொய் சொல்லலை. அங்க ஒண்ணு பறந்துண்டுதான் இருந்துது."

அம்மா பொம்மைகளைத் துணியில் சுற்றி உள்ளே வைக்க ஆரம்பித்தாள். இத்தனை மெதுவாக அவள் சுற்றி நான் பார்த்ததில்லை.

அக்டோபர் 6

அப்பா சொல்லிவிட்டார். டப்பாவை மேஜைமேல் வைத்து, எல்லார் முன்னாலும். என் பெயரைச் சொல்லவில்லை, "என் வீட்டில்" என்று மட்டும் சொன்னாராம். கையெழுத்துப் போடவில்லை. மெதுவாக வட்டமடிப்பதும் திரையில் இருக்கும், பறவையானாலும் சரி. ரோஹித் பேசுவதில்லை. விசாரணை உண்டு.

அக்டோபர் 19

வீட்டில் சத்தமே இல்லை. என் சத்தத்தையும் சேர்த்து.

நவம்பர் 11

போன வாரம் உத்தரவு வந்தது. வேலை இருக்கிறது, பதவி உயர்வு இல்லை. வடக்கே மலையடிவாரத்தில் இன்னும் திறக்காத ஒரு புது விமான நிலையத்துக்கு மாற்றல். நானும் அம்மாவும் என் பரீட்சை முடியும் வரை இங்கே. அப்பா ஒரே பெட்டியோடு போனார். ஸ்டேஷனில் புபாய் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான். எனக்கு அது தோன்றவில்லை.

டிசம்பர் 7

அப்பா போன் பண்ணினார். அங்கே இன்னும் ஒரு விமானமும் வரவில்லை. காலையில் டவர் கண்ணாடியைத் துடைக்கிறார். சாயங்காலம் ஓடுபாதை விளக்குகளைப் போட்டுப் பார்த்துவிட்டு அணைக்கிறார். "பனி இறங்கித்துன்னா ஒண்ணும் தெரியாதுடி. ஆனா ஏதோ இருக்கற மாதிரியே இருக்கும். நாற்காலியை விட்டு எழுந்துக்கத் தோணாது."

இதற்கு ஒரு கடி நாக்கு நுனி வரை வந்தது. "சாப்ட்டாச்சா அப்பா?" என்றேன்.

"என்னடி," என்றார், "ஜோக் ஒண்ணும் இல்லையா இன்னிக்கு?"