தனியாகச் செய்வார்

அன்புள்ள உங்களுக்கு,

பயிற்சி முடியும் வாரத்தில் எல்லா டொக்டர்மாரின் பயிற்சிப் பதிவுப் புத்தகத்திலும் ஒரேயடியாகக் கையெழுத்து வைப்பது எங்கள் பெரிய டொக்டர் சேரின் பழக்கம். கருவி போட்டுக் குழந்தை எடுப்பதற்கு நேரேயும் 'தனியாகச் செய்வார்' என்று எழுதி எனக்குக் கையெழுத்து வைத்துவிட்டார். நான் தனியாகச் செய்ததே இல்லை.

செவ்வாய்க்கிழமை, பிரசவ அறையில், மூதூர்த் தாய் ஒருத்தி என் கையைப் பிடித்து, "டொக்டர், இதத் தனியாச் செஞ்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். புத்தகம் சொன்னதை நானும் சொன்னேன்: "ஓம்."

தாய் சுகம். குழந்தையின் கன்னத்தில் நான் போட்ட கருவி பட்ட காயமும் ஆறிவிடுமாம்.

இன்று சேரிடம் அந்தக் கையெழுத்தை வெட்டச் சொன்னேன்.

"பயிற்சி இன்னும் ஆறு மாதம் கூடுமே, பிள்ளை."

"கூடட்டும் சேர். நான் செய்யக்குள்ள பக்கத்தில நின்டு பாருங்க."

பெருநாளைக்கு உம்மா வருவாவா என்று மகள் கேட்டால், சும்மா "ஓம்" என்று சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
அவளுடைய உம்மா