பிரேக் பிடிக்காத ஸ்கூட்டரும் என் கையெழுத்தும்

ஜனவரி 6, ஞாயிறு

உறைபனி. புல்லெல்லாம் வெள்ளை. விரல் மரத்துப்போய்க் கையெழுத்து கோணல். ஸ்கூட்டர் பழக்கித் தரும் ரங்கசாமி அண்ணன் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கும் தாள்: "விழுந்து அடிபட்டால் நானே பொறுப்பு."

ஜெகதளா இறக்கம். பிரேக்கை மிதித்தேன். கால் பாட்டுக்கு இறங்கியது, வண்டி நிற்கவில்லை. நேரே தேயிலைச் செடிக்குள். இடது மணிக்கட்டு வீக்கம், ஹெட்லைட் தூள். ஆனாலும் இறக்கத்தில் போனபோது, அடடா, என்ன சுகம்!

"பிரேக் நல்லாத்தானுங்க இருக்குது. நீங்க பயத்துல மிதிக்கலீங்க" என்றார் ரங்கசாமி.

பச்சைப் பொய்!

7, திங்கள்

ஒரு கையால் டைப் அடித்தேன். ஆபீஸ் தோழி மேரி மணிக்கட்டைப் பார்த்துக் கத்தினாள். அவளும் ரங்கசாமியிடம்தான் ஸ்கூட்டர் பழகுகிறாள். "சனிக்கிழமையே அவருகிட்ட சொன்னனே, பிரேக் புடிக்கலைன்னு! பாத்துக்கலாமுங்கன்னாரு."

தெரிந்தே ஏற்றியிருக்கிறார். கோபம் கோபமாக வந்தது. மேரி வாங்கித் தந்த வர்க்கியைத் தின்ற பிறகு பரவாயில்லை.

10, வியாழன்

அப்பாவோடு சண்டை. ஹெட்லைட்டை உடைத்ததற்கு ஞாயிறு போய் ரங்கசாமியிடம் மன்னிப்பு கேட்க வேண்டுமாம். அதோடு ஸ்கூட்டருக்கு முழுக்காம்.

"விழுந்தா என் பொறுப்புன்னு நீதானே ஒப்பம் வச்ச? வச்ச பொறகு பேச ஏலாது புள்ள."

சிலோனை விட்டு வர ஒப்பம் வைத்த நாளிலிருந்து எந்தத் தாளைக் கண்டாலும் அவருக்குப் பயம். நான் விழுவதற்குத்தான் கையெழுத்து, ரங்கசாமி பிரேக்கைப் பார்க்காமல் விட்டதற்கு இல்லை என்றேன். காதில் வாங்கவில்லை. இனி ஓட்டவே முடியாதோ என்று அழுகை.

வாங்க: மண்ணெண்ணெய், தைலம், உல்லன் நூல்.

13, ஞாயிறு

நல்ல வெயில். மேரியும் வந்தாள். அப்பா தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கி, "மன்னிச்சிக்கங்க ஐயா" என்று ஆரம்பித்தார். நான் குறுக்கே பாய்ந்தேன்.

"பிரேக் நல்லாயிருக்குன்னா பின்னால ஏறுங்கண்ணே. அதே இறக்கத்துல நான் ஓட்டுறேன்."

ரங்கசாமி வண்டியைப் பார்த்தார். இறக்கத்தைப் பார்த்தார்.

"கேபிள் மாத்திட்டு... அப்புறமா போலாமுங்க."

மேரி குபீரென்று சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை.

"அப்ப தெரிஞ்சேதான் எங்க புள்ளைய ஏத்துனீங்களா? அவ விழுறதுக்குத்தான் ஒப்பம் வச்சா. உங்க பிரேக்குக்கு இல்ல!"

என் பேச்சு, அப்படியே! கப்பலைவிட்டு இறங்கியதிலிருந்து அப்பா யாரிடமும் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை.

ரங்கசாமி தலையைச் சொறிந்தார். "தப்பு என்னுதுதானுங்க." வைத்தியச் செலவு அவருடையது. லைசென்ஸ் வாங்கும் வரை பழக்கியும் தருவார்.

27, ஞாயிறு

வீக்கம் வடிந்துவிட்டது. புது கேபிள். மிதித்தால் நிற்கிறது. பின்னால் அப்பா! வேட்டியை மடித்துக் கட்டி, என் தோளை இறுக்கிப் பிடித்து, வழியெல்லாம் "மெல்ல புள்ள, மெல்ல!"

கீழே போய் நிறுத்தினேன். அப்பா இறங்கவே இல்லை.

"இன்னொரு தரம் போவமா?"